மழைக்கால கரண்டு கட்டுக்கு ஒரு மைக்ராஸ்கோப் விளக்கு

தேவிகுளம், பீர்மேடு பக்கத்து எஸ்டேட் டிஸ்பென்சரிகளில், ஆடி மழையில் கம்பி மேல் மரம் சாய்ந்தால் கரண்டு எப்போது திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. மைக்ராஸ்கோப்பில் உள்ள 6 வோல்ட், 20 வாட் ஹாலோஜன் 3 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சின்ன பேட்டரி தாங்காது. அதைக் கழற்றிவிட்டு 1 வாட் வெள்ளை எல்.இ.டி. வைத்தாயிற்று.

சாமான்கள்: 20 மி.மீ. அலுமினியத் தட்டில் ஒட்டிய எல்.இ.டி., கரண்டை ஒரே அளவில் நிறுத்தும் ஏ.எம்.சி.7135 ஐ.சி. ஒன்று, 2600 மில்லி ஆம்பியர்-மணி 18650 லித்தியம் செல் இரண்டு, பாதுகாப்பு ஐ.சி. உள்ள டி.பி.4056 சார்ஜிங் போர்டு. எல்.இ.டி. ஒளியின் நிறம் 4000–5000 கெல்வினில், சி.ஆர்.ஐ. (நிறங்களை உள்ளபடி காட்டும் அளவு, 100-க்கு) 90 இருந்தால் நல்லது. நீலப் பின்னணியில் சிவப்புக் காசநோய்க் கிருமியைத் தேடும்போது, 6500 கெல்வின் மலிவு விளக்கில் சிவப்பு மங்கிவிடும். பழைய நீல ஃபில்டரையும் எடுத்துவிட வேண்டும். ஹாலோஜனின் மஞ்சளைச் சரிக்கட்டத்தான் அது.

7135 நிலையாக 350 மில்லி ஆம்பியர் தரும். ஒரு செல்லில் ஆறேழு மணி நேரம் ஓடும். விளக்கை வேகமாக அணைத்து அணைத்து எரித்தே வெளிச்சம் குறைக்கும், கடையில் கிடைக்கும் பி.டபிள்யூ.எம். டிம்மர் வேண்டவே வேண்டாம். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸில் போனை வைத்துப் படம் எடுத்தால் பட்டை பட்டையாக விழும். வெளிச்சம் குறைக்க, எல்.இ.டி.யோடு தொடராக 10 ஓம் ரெசிஸ்டரைச் சேர்க்கும் ஒரு ஸ்விட்ச் போதும். 10 மடங்கு, 40 மடங்கு லென்சுகளுக்கு அது. வெளிச்சம் கூடுதல் என்று, ஸ்லைடுக்கு அடியில் ஒளியைக் குவிக்கும் கண்டென்சரைக் கீழே இறக்குவது பலருக்குப் பழக்கம். நுணுக்கம் போய்விடும்.

வேலையில் பாதி, ஒளியைச் சீராகப் பரப்பும் டிஃப்யூசரில்தான். அது இல்லாவிட்டால் எல்.இ.டி. சிப்பின் மஞ்சள் சதுரமே ஸ்லைடு மேல் விழும், சுற்றிலும் இருட்டு. பட்டர் பேப்பர் இந்த ஈரக் காற்றில் ஒரே வாரத்தில் சுருங்கி நெளிகிறது. 3 மி.மீ. அக்ரிலிக்கை 400 நம்பர் உப்புத்தாளில் தண்ணீர் விட்டு, இரு பக்கமும் வட்டமாகத் தேய்த்தது சரியாக வந்தது. எல்.இ.டி.க்கு மேலே 12–15 மி.மீ. இடைவெளி வேண்டும், நெருங்கினால் நடுவில் மட்டும் பளீரென்று எரியும். சோதிக்க, 100 மடங்கு ஆயில் லென்சில் ஃபோகஸ் செய்து, கண்டென்சரின் ஒளித்துளையான ஐரிஸை முழுக்கத் திறந்து, ஐபீஸைக் கழற்றிக் குழாய்க்குள் பாருங்கள். அடியில் தெரியும் வட்டம் விளிம்பு வரை ஒரே சீராக நிறைய வேண்டும். நடுவில் மட்டும் ஒளி இருந்தால் லென்சின் திறன் பாதி வீண். கிருமியைச் சுற்றி வளையம் தெரியும். ஒரு பக்கம் நிழல் என்றால் எல்.இ.டி. மையத்தில் இல்லை. அதற்காகவே திருகுத் துளைகளை நீளவாக்கில் அராவிவிடுவது வசதி.

1 வாட்தானே என்று சூட்டை அலட்சியப்படுத்தக் கூடாது. அடிப்பெட்டி மூடியது. 2 மி.மீ. தடிப்பில் 5 செ.மீ. சதுர அலுமினியத் தகடும் ஹீட் சிங்க் பேஸ்ட்டும் அவசியம்.

சார்ஜுக்கு 6 வோல்ட், 3 வாட் சோலார் தகடு. டி.பி.4056 1 ஆம்பியர் கேட்கும், தகடு அரை ஆம்பியர்தான் தரும், வோல்டேஜ் விழுந்துவிடும். போர்டில் உள்ள 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டரை 3 கிலோ ஓமாக மாற்றினால் 400 மில்லி ஆம்பியரில் நிதானமாக ஏறும். ஆடியில் வெயிலை நம்ப முடியாது. அப்போது ஜீப்பின் யு.எஸ்.பி. சார்ஜர். 12 வோல்ட்டை நேராகக் கொடுக்காதீர்கள், போர்டு தாங்குவது 8 வோல்ட் வரைதான். ஒரு செல்லில் விளக்கு எரியும்போது மற்றது சார்ஜில் இருக்கட்டும். ஏறும் செல்லிலேயே விளக்கையும் எரித்தால், செல் நிறைந்ததை ஐ.சி. சரியாக உணராது.