ஜெர்மனியில் மோட்டார்ஹோம் வாங்கப் போகிறீர்களா? முதலில் மீட்டரைப் பாருங்கள்

ஜெர்மன் எல்லையிலுள்ள கேல் பாலத்தைத் தாண்டி மோட்டார்ஹோமைப் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூருக்குள் ஓட்டி வந்த கையோடு எழுதுவதால் கோபம் இன்னும் ஆறவில்லை. ஜெர்மனியில் வாங்கிய வண்டியைப் பிரான்சில் பதிவுசெய்யப் போகிறவர்களைக் குறிவைத்தே சில இணையதளங்கள் நடக்கின்றன. ‘கித்தூஸ் ஃபிஸ்கால் எடுத்துத் தருகிறோம்’ என்று கட்டணம் கேட்கிறார்கள். அது, இந்த வண்டிக்கு வாட் பாக்கி இல்லை என்று பிரெஞ்சு வரி அலுவலகம் தரும் சான்று. முழுக்க இலவசம். இலவசக் காகிதத்துக்குக் காசு கேட்பதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தக் காசை டீசலுக்கு வையுங்கள்.

பெரிய காசு போகும் இடம் வேறு. வண்டி பார்க்கப் போனவுடன் எல்லாரும் கட்டிலையும் ஃப்ரிட்ஜையும்தான் திறந்து பார்ப்பார்கள். நீங்கள் சாவியைத் திருப்பி, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் வாட் விதிப்படி, ஒரு வண்டி ‘பழையது’ ஆக வேண்டுமென்றால் முதன்முதலில் சாலைக்கு வந்து 6 மாதம் தாண்டியிருக்க வேண்டும். 6,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியும் இருக்க வேண்டும். இரண்டும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது புது வண்டி. புது வண்டிக்கு, வாங்குகிறவர் வசிக்கும் நாட்டில் வாட் கட்ட வேண்டும். பிரான்சில் 20 சதவீதம்.

கார் வாங்குகிறவர்களுக்கு இது பெரும்பாலும் பிரச்சினையே இல்லை, ஒரு வருடத்தில் 6,000 ஓடிவிடும். மோட்டார்ஹோம் அப்படியா? கோடையில் இரண்டு வாரம் வெளியே வரும், மற்ற நாளெல்லாம் கொட்டகையில் நிற்கும். மூன்று வயது வண்டி 5,800 கிலோமீட்டரில் விற்பனைக்கு வரும். விளம்பரத்தில் ‘அதிகம் ஓடாதது’ என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். அதைத் தனியாரிடமிருந்து 50,000 யூரோவுக்கு வாங்கினால் பிரான்சில் மேலும் 10,000 யூரோ கட்ட வேண்டிவரும். முதல் சொந்தக்காரர் ஜெர்மனியில் 19 சதவீதம் கட்டியாயிற்றே என்று வாதாடிப் பயனில்லை. அவர் கட்டியதில் ஒரு பகுதியை அவரே ஜெர்மன் வரி அலுவலகத்தில் திரும்பக் கேட்கலாம். சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. விலை பேசும்போதே அதைச் சொல்லிக் குறைத்துக் கேளுங்கள்.

வாங்கின பிறகு ஜெர்மனியிலேயே நாலு ஊர் சுற்றிவிட்டு 6,000 தாண்டி எல்லைக்கு வரலாமே என்று தோன்றும். நடக்காது. பிரிட்டனில் பாய்மரப் படகு வாங்கி, சில மாதம் ஓட்டிவிட்டு ஸ்வீடனுக்குக் கொண்டுபோகத் திட்டமிட்ட ஒருவரின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது: புதிதா பழையதா என்பது கைமாறும் நேரத்தில்தான் பார்க்கப்படும், வந்துசேரும் நேரத்தில் அல்ல. ஆகவே, குறைவாக இருந்தால் விற்பவரையே ஓட்டி முடித்துத் தரச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் ஒப்படைக்கும் தேதியும் மீட்டர் எண்ணும் கட்டாயம் இருக்கட்டும். வரி அலுவலகம் பார்க்கப்போவது அந்த இரண்டையும்தான்.

கடையில் புத்தம் புதிதாக எடுத்தால் கணக்கு எளிது. வாட் இல்லாமல் 60,000 யூரோ என்றால் ஜெர்மன் விலை 71,400, பிரான்சில் 72,000. அறுநூறு யூரோதான் வித்தியாசம். ஆனால் பல டீலர்கள் வண்டி வெளிநாட்டில் பதிவான ஆதாரம் வரும்வரை 19 சதவீதத்தை முன்பணமாகப் பிடித்துவைப்பார்கள். இரண்டு வாட்டும் ஒரே நேரத்தில் கையைவிட்டுப் போகும் மாதங்கள் உண்டு, அதற்குப் பணம் தயாராக இருக்க வேண்டும். பழைய வண்டியை டீலரிடம் வாங்கினால் ரசீதில் ஜெர்மன் வாட் சட்டத்தின் 25ஏ பிரிவு, அதாவது லாபத்துக்கு மட்டும் வரி, என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். 19 சதவீதம் தனியாகக் காட்டியிருந்தாலும் பரவாயில்லை, பழைய வண்டிக்கு அது ஜெர்மனியோடு முடிந்தது.

அடுத்த தலைவலி சிஓசி என்னும் தரச்சான்று. மோட்டார்ஹோமை இரண்டு பேர் செய்கிறார்கள். ஃபியட் டுகாட்டோ சட்டகம் ஒருவர், அதன்மேல் வீடு கட்டுவது இன்னொருவர். பானெட்டைத் திறந்தால் முன் குறுக்குச் சட்டத்தில் ஃபியட்டின் தகடு இருக்கும், எண் இ3 என்று தொடங்கும், அது இத்தாலி. வீடு கட்டிய ஜெர்மன் நிறுவனத்தின் தகடு தனியாக இருக்கும், அது இ1, இரண்டாம் கட்டம் என்ற குறிப்போடு. பிரெஞ்சுப் பதிவுக்கு வேண்டியது முழுமையான வண்டியின் சான்று, அதாவது வீடு கட்டியவர் தருவது. பலர் ஃபியட்டுக்குப் பணம் கட்டிச் சட்டகச் சான்றை மட்டும் வாங்கிக்கொண்டு வந்து மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டையும் விற்பவரிடமே கேளுங்கள், பெரும்பாலும் வண்டிக் கோப்புக்குள்தான் கிடக்கும்.

ஜெர்மன் பதிவுச் சான்றின் முதல் பாகத்தில் கே என்ற கட்டம் காலியாக இருந்தால் ஐரோப்பிய அனுமதி எண் இல்லை என்று அர்த்தம். 2009-க்கு முந்தைய வண்டிகளில் இதை எதிர்பார்க்கலாம். அப்படியானால் டிரெயால் என்ற பிரெஞ்சு அரசின் வட்டார அலுவலகத்தில் தனி வண்டியாக ஆய்வு செய்ய வேண்டும், மாதக்கணக்கில் இழுக்கும். விலை மலிவு என்பதற்காக அதில் இறங்காதீர்கள். அதே ஜெர்மன் சான்றின் இரண்டாம் பாகம் கையில் வராமல் பணம் கொடுக்கவும் கூடாது. கடனில் வாங்கிய வண்டி என்றால் அந்தப் பாகம் வங்கியில் இருக்கும்.

ஓட்டிவர ஏற்றுமதி நம்பர் பிளேட் எடுங்கள். வலது ஓரம் சிவப்புப் பட்டை, அதில் முடியும் தேதி. காப்பீடும் செல்லுபடியாகும் தொழில்நுட்ப ஆய்வும் வேண்டும். மஞ்சள் பட்டையோடு 5 நாளுக்குத் தரும் பிளேட் மலிவுதான், ஆனால் பிரான்சில் அதை ஏற்பார்கள் என்று நம்பி எல்லை தாண்டாதீர்கள். ஜெர்மன் ஆய்வு 6 மாதத்துக்குள் செய்ததாக இருந்தால் பிரெஞ்சுப் பதிவுக்கும் செல்லும். இரண்டாவது ஆய்வுச் செலவு மிச்சம்.

பாலம் தாண்டியதும் சுங்கம் தொடங்கிவிடும் என்று பயப்பட வேண்டாம். உயரம் 3 மீட்டருக்குக் குறைவாகவும் எடை 3.5 டன்னுக்குள்ளும் இருந்தால் சுங்கச்சாவடியில் இரண்டாம் வகுப்பு. கூரையில் ஏசி வைத்து 3 மீட்டரைத் தொட்டால் மூன்றாம் வகுப்பு, பணம் எகிறும். பாரீஸ் பக்கம் போகிறவர்களுக்கு நான்சி, வித்ரி-ல-ஃபிரான்சுவா வழியே போகும் என்4 சாலை இருக்கிறது, ஒரு காசு சுங்கம் இல்லை. மெதுவான சாலைதான், ஆனால் புது வண்டியின் சத்தங்களைப் பழகிக்கொள்ள அதைவிட நல்ல சாலை கிடையாது. கிளம்பும் முன் ஸ்ட்ராஸ்பூர் இருக்கும் அல்சாஸ் பகுதியில் விறகடுப்பில் சுட்ட தார்த் ஃபிளாம்பே சாப்பிட்டுவிடுங்கள். காகிதம்போல மெல்லிய மாவு, மேலே கிரீம், வெங்காயம், பன்றி இறைச்சித் துண்டு. விளிம்பு கருகி, நடு இன்னும் கொதித்துக்கொண்டு வரும். இறைச்சி வேண்டாதவர்களுக்குக் காளான் வைத்தும் தருவார்கள். அந்தப் பகுதியில் பட்ஜெட்டுக்கு அடங்கும் மிகச் சிறந்த சாப்பாடு இதுதான், சந்தேகமே இல்லை. ஜெர்மனியின் 11 கிலோ சாம்பல் நிற காஸ் சிலிண்டரைப் பிரெஞ்சுக் கடையில் மாற்றித் தர மாட்டார்கள். எல்லைக்கு முன்பே நிரப்பிக்கொண்டு, அடாப்டர் ஒன்றும் வாங்கிவிடுங்கள்.

பதிவு முழுக்க இணையத்தில். கித்தூஸ், சிஓசி, இரண்டு பாகச் சான்று, ஒப்பந்தம், முகவரிச் சான்று. நிரந்தர எண் வருவதற்குள் டபிள்யூடபிள்யூ தற்காலிகப் பதிவு எடுக்கலாம், 4 மாதம் செல்லும். கார்த் கிரீஸ் என்னும் பிரெஞ்சுப் பதிவுச் சான்று வந்தவுடன் ஜே.1 கட்டத்தைப் பாருங்கள். விஏஎஸ்பி (தனிப்பயன் வண்டி) என்றும், ஜே.3-இல் காரவான் என்றும் இருக்க வேண்டும். அதற்குப் பதில் வெறும் கார் என்று பதிவாகிவிட்டால் புகை வரியான மலூஸ் தலையில் விழும். மோட்டார்ஹோமுக்கு அந்த வரி கிடையாது, ஆனால் கார் என்று கணக்குப் போட்டால் இந்த எஞ்சினின் கரியமில அளவுக்குத் தொகை ஆயிரக்கணக்கில் போகும். பார்த்த அன்றே திருத்தம் கேளுங்கள்.

பிரிட்டனிலிருந்து மலிவாகக் கிடைக்கிறதே என்பவர்களுக்கு: பிரெக்ஸிட்டுக்குப் பிறகு அது மூன்றாம் நாடு, அதாவது ஒன்றியத்துக்கு வெளியே. 10 சதவீதம் சுங்க வரி, அதையும் சேர்த்த தொகைக்கு 20 சதவீதம் வாட். 40,000 யூரோ வண்டி 52,800 ஆகும். அதன்மேல் முன்விளக்கும் மாற்ற வேண்டும்.

3.5 டன்னுக்கு மேற்பட்ட வண்டி என்றால் பக்கத்திலும் பின்னாலும் ‘ஆங்கிள் மோர்’ (ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாத இடம்) என்ற எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், 2021 முதல் கட்டாயம். புதிய பிளேட்டை ரிவெட் அடித்துப் பொருத்துங்கள், ஜெர்மன் பிளேட்டின் ஸ்குரூ வைத்த சட்டகத்தில் செருகினால் செல்லாது. எண் மாறிய அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். 2024 ஏப்ரல் 1 முதல் கண்ணாடியில் ஒட்டும் பச்சைச் சீட்டு இல்லை. போலீஸ் எண்ணைத் தட்டித்தான் காப்பீடு பார்க்கிறது.