நுரையும் புகையும் புளிப்பும்

பிராகில் எனக்குக் கொடுத்த முதல் பீரில் மேலே மூன்று விரல்கிடை நுரை நின்றது. நான் கிளாஸைக் கையில் எடுக்காமல் காத்திருந்தேன். நம் ஊரில் பாட்டிலைச் சாய்த்து, கிளாஸின் ஓரமாக, நுரை எழும்பாமல் ஊற்றுகிறவன்தான் கைப்பக்குவம் உள்ளவன். நுரை என்றால் அளவில் ஏமாற்று. அது அடங்கட்டும் என்று நான் உட்கார்ந்திருப்பதைப் பக்கத்து மேசையில் இருந்த பெரியவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் பொறுக்கமுடியாமல் தன் கிளாஸைத் தூக்கி, நுரையோடு சேர்த்து ஒரு பெரிய மடக்குக் குடித்துக் காட்டினார். மீசையில் வெள்ளை ஒட்டியிருந்தது. அதைத் துடைக்காமலே, இப்படிக் குடி என்று கையைக் காட்டினார்.

குடித்தேன். சோப்பு நுரை போலக் காற்றாக இல்லை. கறந்த பாலின் நுரை போல ஈரமாக, கனமாக இருந்தது. முதலில் மெல்லிய இனிப்பு, பிறகு அதன் அடியிலிருந்து கசப்பு. அந்த இரண்டுக்கும் நடுவே, பீருக்குக் கசப்பைத் தருகிற ஹாப்ஸ் பூவின் வாசம், ஈரப் புல்லை நசுக்கி முகர்ந்த மாதிரி. எத்தனையோ வருடம் பீர் குடித்திருக்கிறேன். பீருக்கு வாசம் என்று ஒன்று இருப்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

செக் நாட்டில் நுரை ஒரு மூடி. காற்று படாமல் பீரைக் காக்கிறது. ஊற்றுகிறவர் முதலில் நுரையைப் பிடித்துவிட்டு, குழாயின் மூக்கை அதற்குள் அமிழ்த்தி, அடியில் பீரை நிரப்புகிறார். மூன்று விரல் நுரையோடு வருவது ஹ்லாதின்கா. பாதிக்கு மேல் நுரையாக வருவது ஷ்னிட். கிளாஸ் முழுக்க வெறும் நுரையாகவே ஒன்றைத் தருகிறார்கள், அதன் பெயர் ம்லீகோ, அதாவது பால். ஒரே மூச்சில் குடித்துவிட வேண்டும். அதையும் கேட்டு வாங்கினேன். குழாய் ஒன்று, பீர் ஒன்று, ருசி மட்டும் மூன்று. ஊற்றுகிற கை ருசியை இவ்வளவு மாற்றும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

பட்டியலில் 10, 12 என்று பீருக்கு எதிரே எண் போட்டிருந்ததைப் பார்த்து முதலில் திகைத்தேன். சாராய அளவு என்று நினைத்துவிட்டேன். அது புளிக்கவைப்பதற்கு முன்னால் மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியின் சாற்றில் எவ்வளவு சர்க்கரைச் சத்து இருந்தது என்பதைக் காட்டும் எண். புகழ்பெற்ற பில்ஸ்னர் உர்க்வெல்லில் சாராயம் 4.4 சதவீதம்தான். நம் நாட்டில் அதிகம் விற்பது 'ஸ்ட்ராங்' வகை, 8 சதவீதம் வரை போகும். ஆளுக்கு ஆண்டுக்கு 120 லிட்டருக்கு மேல் குடித்து, பல பத்தாண்டுகளாக உலகில் முதலிடத்தில் இருக்கிற மக்கள் குடிப்பதோ இந்த மெல்லிய பீரை. சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து பேசுவதற்கான பானம் அது. மேசையில் ஒரு துண்டுச் சீட்டு, கிளாஸ் வர வர அதில் ஒரு கோடு. கோடுகளை எண்ணித்தான் கணக்கு.

பிராகிலிருந்து பில்சென் ரயிலில் ஒன்றரை மணி நேரம். இன்று உலகத்தில் எங்கே போனாலும் பீர் என்றதும் பொன்னிறமாக ஒன்றைக் கொண்டுவந்து வைக்கிறார்களே, அதன் பிறந்த ஊர் இது. 1838-இல் ஊர் பீர் கெட்டுப்போய், நகரமன்றத்தின் முன்னால் 36 பீப்பாயைக் கவிழ்த்துக் கொட்டினார்கள் என்று சொல்கிறார்கள். அப்புறம் ஊரார் சேர்ந்து புது ஆலை கட்டி, பவேரியாவிலிருந்து யோசப் குரோல் என்ற வடிப்பாளரை அழைத்துவந்தார்கள். 1842 அக்டோபரில் அவர் முதல் வடிப்பைச் செய்தார். அதுவரை அந்தப் பக்கத்தில் பீர் என்றால் பெரும்பாலும் பழுப்பும் கருப்பும்தான். நெருப்பு நேராகப் படாமல் சூடான காற்றில் உலர்த்திய வெளிறிய மால்ட், ஜாடெட்ஸ் வட்டாரத்து ஹாப்ஸ், உப்பே இல்லாததுபோன்ற பில்சென் தண்ணீர், இவை மூன்றும் சேர்ந்ததில் தெளிந்த பொன்னிறம் வந்தது.

தண்ணீர் விஷயம் எனக்குச் சட்டென்று பிடிபட்டது. எங்கள் பொள்ளாச்சியில் ஆழியாற்றுத் தண்ணீரில் வைத்த ரசத்துக்கும் போர்வெல் தண்ணீரில் வைத்த ரசத்துக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் கிடையாது. கடினத் தண்ணீரில் ஹாப்ஸின் கசப்பு கரடாக நிற்கும். பில்சென் தண்ணீரில் அது வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. ஆலைக்கு அடியில் கிலோமீட்டர் கணக்கில் நிலவறை தோண்டியிருக்கிறார்கள். அங்கே ஓக் பீப்பாயிலிருந்து வடிகட்டாத பீரை அப்படியே பிடித்துத் தருகிறார்கள். சுவரெல்லாம் ஈரம், மூச்சு விட்டால் புகை போல வந்தது. லேசாகக் கலங்கிய அந்த பீரில் ரொட்டி வாசம் இருந்தது. பாட்டிலில் அடைத்து ஊர் ஊராகப் போகும் அதே பீருக்கு இந்த வாசம் இல்லை. இதைக் குடிக்க இங்கேதான் வரவேண்டும்.

ஜெர்மனியில் நியூரம்பெர்கில் கல்லூரி நண்பன் வேலையில் இருக்கிறான். அவன்தான் என்னை பாம்பெர்குக்கு அழைத்துப்போனான். "மாப்ள, முதல் வாயிலயே முகத்தச் சுளிச்சிடாத" என்று ரயிலிலேயே சொல்லிவைத்தான்.

பாம்பெர்க் ஆற்றின் நடுவில் நகரமன்றம் கட்டிய ஊர். 1993-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பழைய நகரம். அங்கே ஷ்லெங்கெர்லா என்ற மதுக்கூடம், 1405-ஆம் ஆண்டுப் பதிவுகளிலேயே பெயர் வருகிற இடம். கருத்த மர உத்தரம், நீள மேசை, முன்பின் தெரியாதவர்களோடு தோள் உரச உட்கார வேண்டும். வந்தது கருஞ்சிவப்பு பீர். வாயருகே கொண்டுபோனதும் புகை. விறகடுப்பில் பால் காய்ச்சும்போது காற்று திரும்பி அடித்தால் பாலில் ஒரு வாசம் ஏறுமே, "பால் புகைஞ்சு போச்சு" என்று பாட்டி எடுத்துக் கொட்டுவாளே, அதே வாசம். கூடவே சுட்ட இறைச்சியின் வாசமும்.

முகத்தைச் சுளித்தேன்தான். நண்பன் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஊரில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: மூன்றாவது கிளாஸில்தான் தீர்ப்பு. முதல் கிளாஸ் முழுக்கப் புகையோடு மல்லுக்கட்டினேன். இரண்டாவதில் புகைக்குப் பின்னால் மால்ட்டின் இனிப்பு தெரிய ஆரம்பித்தது, கருகக் காய்ச்சிய வெல்லப்பாகு மாதிரி. மூன்றாவதில் புகை எங்கே போனது என்று தேட வேண்டியிருந்தது. நாக்கு பழகிக்கொண்டுவிட்டது. அதன்பின் சாதா பீர் ஒன்றை வாங்கிக் குடித்தபோது ஏதோ உப்புப் போட மறந்த குழம்பு போலிருந்தது.

முளைகட்டிய பார்லியை பீச் மர விறகின் நெருப்பில் உலர்த்துவதால் வருகிற புகை இது. புதுமைக்காகச் செய்வதில்லை. ஒரு காலத்தில் ஐரோப்பாவில் விறகுக்கு மேலே மால்ட் உலர்த்திய இடமெல்லாம் பீரில் புகை இருந்திருக்கிறது. சூடான காற்றில் உலர்த்தும் அடுப்புகள் வந்ததும் எல்லோரும் மகிழ்ச்சியாகப் புகையை விட்டுவிட்டார்கள். பில்சென் பீர் பொன்னிறமானது அதனால்தான். பாம்பெர்கில் ஓரிரு ஆலைகள் மட்டும் விடவில்லை. முந்தாநாள் பில்செனில் குடித்ததும் அன்று குடித்ததும் ஒரே கதையின் இரண்டு முனைகள் என்பது உறைத்தபோது எனக்கு உடம்பே சிலிர்த்தது. இப்படி ஒரு ருசியைப் பிடிவாதமாகக் காப்பாற்றி வைத்திருப்பவர்களை நான் மனதார மதிக்கிறேன்.

கொலோனில் ஒரே ஒரு சாயங்காலம். கோல்ஷ் என்கிற அந்த ஊர் பீர் 0.2 லிட்டர் பிடிக்கும் ஒல்லிக் கிளாஸில் வரும். நீல உடுப்புப் பரிசாரகர் வட்டத் தட்டில் அடுக்கிக்கொண்டு வந்து, கேட்காமலே காலிக் கிளாஸை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைத்துவிட்டுப் போவார். போதும் என்றால் கிளாஸுக்கு அடியில் இருக்கும் அட்டையை எடுத்துக் கிளாஸ்மேல் மூட வேண்டும். சிறிய கிளாஸ் என்பதால் பீர் சூடேறுவதற்குள் முடிந்துவிடுகிறது. நல்ல ஏற்பாடு. ருசி மென்மை, எனக்கு அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

பயணத்தில் அடுத்தது புருசெல்ஸ், அதற்கும் பிறகுதான் லண்டன். ஆனால் லண்டனை முதலில் சொல்லிவிடுகிறேன். புருசெல்ஸைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது.

இங்கிலாந்தில் வெதுவெதுப்பான பீர் கொடுப்பார்கள் என்று போகிறவர்களை எல்லாம் பயமுறுத்துவது வழக்கம். வெதுவெதுப்பு இல்லை. நிலவறையின் குளிர், 11 முதல் 13 டிகிரி. மண்பானைத் தண்ணீர் இதமாக இருக்குமே, அந்த இதம். காஸ்க் ஏல் என்பது பீப்பாய்க்குள் கடைசிவரை புளித்துக்கொண்டே இருக்கும் உயிருள்ள பீர். கைப்பம்பை இழுத்து 568 மில்லி பைண்ட் கிளாஸில் ஊற்றுகிறார்கள். பீப்பாயைத் திறந்தால் சில நாளில் தீர்த்துவிட வேண்டும். 1960-களிலும் 70-களிலும் ஆலைகள் வாயு அடைத்த, வடிகட்டிய பீருக்கு மாறியபோது இந்த முறை அழிந்துவிடும் போலிருந்தது. 1971-இல் நாலு பேர் ஆரம்பித்த காம்ரா இயக்கம்தான் மக்களைத் திரட்டி அதைக் காப்பாற்றியது. நான் குடித்த பிட்டர் என்ற ஏல் வகையில் கெட்டித் தேநீரின் துவர்ப்பு இருந்தது, மேரி பிஸ்கட் வாசம் இருந்தது. அதையே ஐஸ் போலக் குளிர்வித்தால் இந்த இரண்டும் இருக்காது. கடுங்குளிரில் நாக்கு மரத்துப்போகும். நம் வெயிலுக்கு 'கூலிங்' வேண்டும்தான், அதில் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் கடையில் கூலிங் இருக்கிறதா என்று மட்டுமே கேட்டுக் கேட்டு, ருசி எப்படி என்ற கேள்வியை நாம் கேட்கவே இல்லை.

சரி, புருசெல்ஸ். தெற்கு ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை தூரத்தில், ஆண்டர்லெக்ட் பகுதியில், கடைத்தெரு வாசனையே இல்லாத ஒரு சந்தில் காண்டியோன் ஆலை. 1900-இல் தொடங்கியது. வெளியே பார்த்தால் பழைய குடோன். உள்ளே நுழைந்ததும் நின்றுவிட்டேன். ஈர மரம், பழைய பழம், லேசாகக் காடி. இந்த வாசத்தை எனக்குத் தெரியும். எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

லாம்பிக் என்ற பீரை வடிக்கும் இடம் அது. மற்ற ஆலைகளில் ஈஸ்ட்டை வளர்த்துப் பாதுகாத்து, அளந்து சேர்ப்பார்கள். இங்கே யாரும் எதையும் சேர்ப்பதில்லை. பார்லியும் கோதுமையும் கொதித்த சாற்றை மாடிப் பரணில், ஆழம் அதிகமில்லாத ஒரு பெரிய செப்புத் தொட்டியில் இரவு முழுக்கத் திறந்து வைக்கிறார்கள். ஓட்டு இடுக்கு வழியாகக் காற்று வருகிறது. காற்றிலும் பரணின் மரத்திலும் இருக்கிற நுண்ணுயிர்கள் சாற்றில் இறங்குகின்றன. மறுநாள் அதை மரப் பீப்பாய்க்கு மாற்றிவிட்டு, ஒரு வருடமோ மூன்று வருடமோ காத்திருக்கிறார்கள். கோடையில் கெட்ட கிருமிகள் புகுந்துவிடும் என்று குளிர்காலத்தில் மட்டும்தான் வடிப்பு. பரணிலும் பீப்பாய்க் கிடங்கிலும் சிலந்தி வலைகளைக் கலைப்பதில்லை. பழ ஈக்களைச் சிலந்திகள் பார்த்துக்கொள்ளும்.

முதலில் தந்தது ஒரு வருட லாம்பிக். நுரையே கிடையாது, பொங்குவதும் கிடையாது. பிராகில் நுரைக்காகப் பாடம் எடுத்தவர் இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. ஒரு வாய் உறிஞ்சியதும் அந்த வாசம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. கள். கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி கேரளத்துச் சித்தூர் பக்கம் போய்க் குடித்த சாயங்காலக் கள். காலையில் இனிப்பாக இருந்து, மத்தியானம் பொங்கி, பொழுது சாய்கையில் புளிப்பேறி நிற்குமே, அந்தப் புளிப்பு.

ருசி மட்டுமல்ல, வேலையும் அதேதான். பாளையைச் சீவிக் கலயம் (எங்கள் பக்கத்தில் முட்டி) கட்டினால் மரத்திலேயே புளிக்க ஆரம்பித்துவிடும். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். யாரும் ஈஸ்ட் வாங்கிப் போடுவதில்லை. கலயமும் காற்றும் பார்த்துக்கொள்கின்றன. நம்முடையது ஒரே நாளில் முடிந்துவிடும், அவர்களுடையதற்கு மூன்று வருடம். ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடப் பீப்பாய்களைக் கலந்து பாட்டிலில் அடைத்து மறுபடி புளிக்கவிடுவதுதான் கெஸ். புளிச்ச செர்ரி ஊறப்போட்டால் க்ரீக். 2016-இல் பெல்ஜியத்தின் பீர்ப் பண்பாட்டை யுனெஸ்கோ மரபுச் செல்வமாக ஏற்றுக்கொண்டது. தமிழ்நாட்டில் 1987-இலிருந்து கள் இறக்கத் தடை. அந்தப் பரணில் நின்றபோது இதை நினைத்து மனம் வலித்தது. ஒரு கெஸ் பாட்டிலை வாங்கித் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன்.

ஊரில் எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டது. தடைக்கு முன்னால் மரமேறியவர். நான் அப்புச்சி என்றுதான் கூப்பிடுவேன். தென்னைக்கு அடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, தக்கையைப் பிடுங்கி அவருக்கு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தார். ஒரு வாய் வைத்து, வாய்க்குள்ளேயே கொஞ்ச நேரம் வைத்திருந்து விழுங்கினார். எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டார். பரணையும் தொட்டியையும் பீப்பாயையும் பற்றிச் சொன்னேன்.

"ஏங்கண்ணு, அங்க முட்டியக் கழுவறாங்களா?"

பீப்பாயைக் கழுவுகிறார்கள் அப்புச்சி, ஆனால் மேலே பரணில் ஒட்டடைகூட அடிப்பதில்லை என்றேன்.

"அதானே பார்த்தேன்" என்று டம்ளரை மறுபடி நீட்டினார்.