மெமோவில் ஒரு நேரம், சீட்டில் ஒரு நேரம்

காவலர் நீட்டிய மெமோவில் கைது நேரம் இரவு 11.10 என்று எழுதியிருந்தது. அதனோடு பின் குத்தியிருந்த, குடித்திருக்கிறாரா என்று ஊதவைத்துப் பார்க்கும் கருவி அச்சிட்ட சீட்டில் நேரம் 21.52 என்றும், அதன் கீழே ஆல்கஹால் அளவு 46 என்றும் இருந்தன. அந்த ஆளை கேஷுவாலிட்டி மேசைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியபோது மணி 12.25. மெமோவின்படி பார்த்தால் ஒன்றேகால் மணி நேரம். சீட்டின்படி பார்த்தால் இரண்டரை மணி நேரத்துக்கும் மேல்.

இந்த வித்தியாசம் வெறும் எழுத்துப் பிழை என்று விட்டுவிடக்கூடிய சங்கதி அன்று. சீருடையில் இருக்கும் காவலர், தம் கண்ணெதிரே குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவரை வாரண்டு இல்லாமல் கைது செய்யலாம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 202-ஆம் பிரிவு சொல்கிறது. கூடவே, கைது செய்த இரண்டு மணி நேரத்துக்குள் அவரைப் பதிவுபெற்ற மருத்துவரின் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும், தவறினால் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும் என்றும் அதே பிரிவு கட்டளையிடுகிறது. அந்த மருத்துவர் இந்த இரவில் நான். ஆனால் கைது எப்போது தொடங்குகிறது? சாவியைப் பிடுங்கி, ஜீப்பில் ஏற்றி, “உட்காருய்யா” என்று சொன்ன கணத்திலா, அல்லது அதைக் காகிதத்தில் எழுதிய நேரத்திலா? சட்டம் படித்தவர்களுக்கு இதற்கு விடை தெரிந்திருக்கும். மெமோவில் கையெழுத்து வாங்க வந்து நிற்பவர்களுக்கும் எனக்கும் இடையில் அந்த விடை ஒருநாளும் பேசப்பட்டதில்லை.

உடன்வந்த சிறப்பு சார்பு ஆய்வாளர் தாமதத்துக்குச் சொன்ன காரணத்தில் பொய் இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். தை மாதம், சுற்றுவட்டாரத்தில் ஏதோ ஓர் ஊரில் மஞ்சுவிரட்டு, வேறோர் ஊரில் முகூர்த்தம். நிலையத்து ஆட்களில் பாதிப் பேர் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார்கள், இருந்தது ஒரே ஜீப். கானாடுகாத்தான் விலக்கில் பிடித்தவர்களை ஒவ்வொருவராக மருத்துவமனைக்குக் கொண்டுவர முடியாமல், நாலு பேர் சேரட்டும் என்று காத்திருந்திருக்கிறார்கள். டி.டி. கேஸ், அதாவது குடித்து ஓட்டிய வழக்கு என்றால் எங்கும் நடப்பதுதான் இது. மற்ற மூவரும் சீக்கிரம் முடிந்துவிட்டார்கள். நாலாவது ஆள்தான் இவர்.

சென்னையிலிருந்து கல்யாணத்துக்கு வந்திருந்த ஒரு குடும்பத்துக்கு ஆக்டிங் டிரைவராக வந்தவர். விருந்து முடிந்து வீட்டாரைப் பெரிய வீட்டில் இறக்கிவிட்டு, டீசல் போடக் கிளம்பியபோது மாட்டியிருக்கிறார். குடித்ததை மறுக்கவில்லை. வாயில் வாடை இருந்தது. பேச்சில் குழறல் இல்லை. கண்ணை மூடி நிற்கச் சொன்னேன், நின்றார். விரலால் மூக்கைத் தொடச் சொன்னேன், தொட்டார். குதிகாலும் கால்விரலும் தொடத் தொட நேர்கோட்டில் நடக்கச் சொன்னேன். என் தரையின் ஓடுகளைவிட நேராக நடந்தார். பழைய பழக்கப்படி ‘மது அருந்தியுள்ளார், மதுவின் பிடியில் இல்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்த்திருக்கலாம். ஆனால் 185-ஆம் பிரிவுக்கு அந்த வாக்கியம் தேவையே இல்லை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். கோட்டில் நடந்தாரா, தள்ளாடினாரா என்பது அங்கே கேள்வியில்லை. எதிர்ப்பக்கமும் உண்டு. வாடை, தள்ளாட்டம், விரிந்த கண்பாவை ஆகியவற்றை மட்டும் வைத்து ஒருவர் குடித்திருந்தார் என்று முடிவுசெய்ய முடியாது என்று 1971-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆக நான் நடக்கவிட்டுப் பார்ப்பது குற்றத்தை நிரூபிக்கவும் போதாது, மறுக்கவும் போதாது.

எல்லாம் முடிந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அவர் கேட்டார்: “ஐயா, ரத்தம் எடுத்துப் பாருங்கய்யா. அந்த மெஷினை நான் நம்பலை.”

“ரத்தம் தேவையில்லை சார், ரீடிங் இருக்குல்ல” என்றார் சிறப்பு சார்பு ஆய்வாளர்.

நான் ஓயாமல் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது இதற்குப் பிறகு கழிந்த சில நிமிடங்களை. இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. 204-ஆம் பிரிவின்படி, ஊத மறுத்தவரிடமோ, கருவி ஆல்கஹாலைக் காட்டியவரிடமோ காவலர் ரத்தம் கேட்கலாம், கேட்டே ஆக வேண்டும் என்றில்லை. இவர் ஊதினார், கருவியும் காட்டிவிட்டது. ஆனால் கைதானவருக்குக் காவல் நிலையத்தில் மறுபடி ஊத ஒரு வாய்ப்புத் தர வேண்டும் என்று 203-ஆம் பிரிவு சொல்கிறதே, தந்தீர்களா என்று கேட்டேன். “ஸ்டேஷனுக்குப் போனாத்தானே சார் தர்றதுக்கு. நேரா இங்கதானே வர்றோம்.” இதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கடைசி மடக்கு எப்போது குடித்தீர்கள் என்று ஓட்டுநரிடம் கேட்டேன். வண்டி எடுப்பதற்குச் சற்று முன்பு என்றார். வாயில் தங்கிய சாராயம் கருவியின் அளவை ஏற்றிக் காட்டும், அதனால் கால் மணி நேரமாவது பொறுத்து ஊதச் சொல்ல வேண்டும் என்பது எங்களுக்குப் பாடம். விலக்கில் யார் பொறுத்தார்கள், யார் பொறுக்கவில்லை என்பது எனக்குத் தெரிய வழியில்லை.

இவ்வளவும் அவர் பக்கம் சாய்கிறது. சாயாத ஒன்று என் மனத்தில் இருந்தது, அதை நான் இருவரிடமும் சொல்லவில்லை. உடம்பு மணிக்கு, 100 மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய 15 மில்லிகிராம் ஆல்கஹாலைக் கரைக்கும். ஆளுக்கு ஆள் 10-லிருந்து 20 வரை மாறலாம். 46 சரியான அளவென்றே வைத்துக்கொண்டால், இரண்டரை மணி நேரம் கழித்து எடுக்கும் ரத்தம் எந்தக் கணக்கிலும் பெரும்பாலும் 30-க்குக் கீழேதான் நிற்கும். காவலர்களின் தாமதம் இவர் உரிமையைத் தின்றது என்று சொன்னால், அதே தாமதம் இவருக்கு ஒரு விடுதலைச் சீட்டையும் எழுதிக்கொண்டிருந்தது. நான் ரத்தம் எடுத்தால் மதுரை தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போகும் குழாய், நள்ளிரவில் இவர் எப்படி இருந்தார் என்பதைச் சொல்லும். வண்டி ஓட்டியபோது எப்படி இருந்தார் என்பதைச் சொல்லாது. நேரத்தையும் கடைசியாகக் குடித்த வேளையையும் வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போடலாம்தான். ஆனால் விருந்துச் சாப்பாடு வயிற்றில் இருந்தால் சாராயம் மெதுவாகத்தான் ஏறும், கணக்கு தடுமாறும். இந்த நுணுக்கமெல்லாம் நீதிமன்றத்தில் எத்தனை பேர் காதில் ஏறும்?

கடைசியில் நான் செய்தது இதுதான். சான்றிதழில் மெமோவின் கைது நேரத்தை எழுதினேன். சீட்டில் கண்ட நேரத்தையும் எழுதினேன். மறு ஊதல் நடக்கவில்லை என்று உடன்வந்த அலுவலர் சொன்னதாகவும், ஓட்டுநர் ரத்தப் பரிசோதனை கோரியதாகவும், காவல்துறைக் கோரிக்கையில் அது இல்லாததால் எடுக்கவில்லை என்றும் எழுதிக் கையெழுத்திட்டேன்.

“நீங்க டாக்டரா, வக்கீலா சார்?” என்றார் சிறப்பு சார்பு ஆய்வாளர். கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னார். அதுதான் உறுத்துகிறது. கோபமாகச் சொல்லியிருந்தால் அன்றே மறந்திருப்பேன்.

ஓட்டுநர் நான் எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “நீங்க எழுதுனதை வச்சு நான் என்னங்கய்யா பண்றது?” என்றார். அபராதம் 10,000 ரூபாயை அவர் பெரிதாக நினைக்கவில்லை. முதல் குற்றத்துக்கே ஆறு மாதம் வரை சிறை என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. லைசென்ஸைப் பற்றித்தான் மறுபடி மறுபடி கேட்டார். 2019 திருத்தத்துக்குப் பிறகு குடித்து ஓட்டியவரின் உரிமத்தைக் காவலர் கைப்பற்றி, தகுதிநீக்க நடவடிக்கைக்காக உரிமம் தந்த அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த அட்டைதான் அவருக்குச் சோறு. அவர் கேள்விக்கு, கோர்ட்டில் வக்கீலிடம் காட்டுங்கள் என்றேன். அது பதிலா, தள்ளிவிடுவதா என்று இப்போதும் தெரியவில்லை.

பார்த்ததை எழுதினேன், அவ்வளவுதான் என் வேலை என்று சொல்லிக்கொள்கிறேன். ஆனால் எல்லா இரவுகளிலும் நான் பார்த்ததையெல்லாம் எழுதுவதில்லை. அன்று வந்த மற்ற மூவரின் சீட்டுகளையும் புரட்டிப் பார்த்தேனா? அவர்கள் கேட்கவில்லை, ஒருவர் நிற்கவே முடியாமல் இருந்தார். இவர் நிதானமாக, மரியாதையாகக் கேட்டார் என்பதால்தான் எனக்குச் சட்டம் ஞாபகம் வந்ததா? அப்படியானால் நிதானமாக இருக்கும் அளவுக்குக் குறைவாகக் குடித்தவனுக்குத்தான் உரிமை என்றாகிறது. இன்னொன்றும் உண்டு. அந்தச் சீட்டு வெப்பத்தால் அச்சாகும் தாள். காவலரின் சட்டைப் பையில் வியர்வை பட்டு, 46 தெளிவாக இருக்க, நேரத்தின் எண்கள் ஏற்கெனவே வெளிறத் தொடங்கியிருந்தன. வழக்கு விசாரணைக்கு வரும்போது அந்த நேரம் என் எழுத்தில் மட்டுமே மிஞ்சும் என்று தோன்றியது உண்மை. அது கடமையுணர்வா, முக்கியமான ஆளாக இருக்கும் ஆசையா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

காவலர் பக்கத்தையும் நான் தள்ளிவிட முடியாது. எங்கள் பிரிவுக்கு வரும் தலைக்காயங்களில் எத்தனை சாராய வாடையோடு வருகின்றன என்பது இங்கே இரவுப் பணி செய்யும் எவருக்கும் தெரியும். ஓட்டுநர் வேறு ஆளில்லாத வண்டியில் போனது அவர் அதிர்ஷ்டம், எதிரே வந்தவரின் அதிர்ஷ்டமும் கூட. அவரைப் பிடித்தது சரி என்பதில் எனக்கு ஐயமே இல்லை. பிடித்தது சரி, வைத்திருந்தது சரியில்லை என்று இரண்டாகப் பிரித்துச் சொன்னால் கேட்பவர்கள் என்னைக் குடிகாரர் கட்சி என்கிறார்கள்.

அறிக்கையின் நகலை அவரிடமே கொடுத்தேன். கைதானவரைப் பரிசோதித்த மருத்துவர் அவருக்கோ அவர் சொல்லும் ஆளுக்கோ நகல் தர வேண்டும் என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 54-ஆம் பிரிவிலும் இருந்தது. 2024 ஜூலையிலிருந்து அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 53-ஆம் பிரிவிலும் இருக்கிறது. “இதெல்லாம் யாரும் குடுக்கறதில்லையே சார்” என்றார் காவலர். அவர் சொன்னதும் உண்மை.

வழக்கு என்னவானது என்று தெரியாது. எனக்குச் சம்மன் வரவில்லை. பிறகு இரண்டு பேரிடம் கேட்டேன். தடய மருத்துவம் படித்த மூத்தவர், எழுத்தில் சம்மதம் வாங்கி, ஸ்பிரிட் தொடாமல் தோலைத் துடைத்து, ரத்தம் கெடாமலிருக்க சோடியம் ஃபுளோரைடு போட்ட சாம்பல் மூடிக் குழாயில் எடுத்து, நேரத்தை எழுதி முத்திரையிட்டிருக்க வேண்டும், கணக்கை ஆய்வகம் பார்த்துக்கொள்ளும் என்றார். என்னோடு பணிபுரியும் இன்னொருவர், காவலர் கேட்காத ரத்தத்தை யார் பொறுப்பில் யாருக்கு அனுப்புவாய், மறுநாள் குளிர்பெட்டியில் அது கேட்பாரற்றுக் கிடக்கும் என்றார். இருவர் சொன்னதையும் மறுக்க எனக்கு வழியில்லை. இப்போது கேஷுவாலிட்டி அலமாரியில் அந்தச் சாம்பல் மூடிக் குழாய்கள் சிலவற்றை வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு வந்தவர்களில் எவரும் ரத்தம் எடுக்கச் சொல்லிக் கேட்கவில்லை. கேட்கலாம் என்று நானும் எவருக்கும் சொல்லவில்லை.