டெரகோட்டா ஒட்டிட்டா கட்டடம் குளிர்ந்துடுமா?

இப்ப எந்த ஆர்க்கிடெக்சர் பேஜ் திறந்தாலும் செங்கல் கலர்ல ஒரு முகப்பு, கீழ "கிளைமேட் ரெஸ்பான்சிவ்"னு, அதாவது பருவநிலைக்கு ஏத்த மாதிரி கட்டினதுன்னு, ஒரு கேப்ஷன். டெரகோட்டா, அதாவது சுடுமண்ணுன்னா எனக்கும் கொள்ளை ஆசைதான், ஆனா பாதி இடத்துல அது காங்கிரீட் சுவர் மேல சிமெண்ட் வச்சு அப்பின ஓடு, வாங்குற வெயிலை அப்படியே பின்னாடி சுவருக்குத் தள்ளி விட்டுட்டு சும்மா அழகுக்கு நிக்குது.

சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவுல ரெண்டு மூணு விரல் சந்து விட்டு கிளிப்ல மாட்டணும், மேலயும் கீழயும் அடைக்கக் கூடாது. அப்பதான் உள்ள சூடாகுற காத்து மேல ஏறிப் போகும், கீழருந்து புதுக் காத்து வரும், ஓடு சுவருக்குக் குடை பிடிச்ச மாதிரி இருக்கும்.

இன்னொரு வித்தை தண்ணி. கிளேஸ், அதாவது கண்ணாடி மாதிரி பளபளப்புப் பூச்சு, போட்ட ஓடு ஒண்ணு, போடாதது ஒண்ணு எடுத்து ஒவ்வொரு சொட்டு விட்டுப் பாருங்க. முதல் ஓட்டுல சொட்டு முத்து மாதிரி உக்காந்திருக்கும், ரெண்டாவது உறிஞ்சிட்டு கருஞ்சிவப்பா மாறிடும். அந்த நுண்துளைதான் சரக்கே. ஒரு லிட்டர் தண்ணி ஆவியாகணும்னா சுமார் 2,400 கிலோஜூல் சூடு வேணும், அதுல பெரும்பகுதியை ஓட்டுல இருந்தும் சுத்தி இருக்க காத்துல இருந்தும்தான் புடுங்கிக்கும். லண்டன்ல ரென்சோ பியானோங்கிற ஆர்க்கிடெக்ட் பண்ணின சென்ட்ரல் செயின்ட் கைல்ஸ் கட்டடம் பளபளன்னு கலர் கலரா கிளேஸ் பண்ணின டெரகோட்டா, பார்க்க சூப்பர், ஆனா அது இந்த வேலைக்கு இல்ல.

இந்த வேலைக்குன்னா நொய்டாவுல ஆன்ட் ஸ்டூடியோங்கிற ஆர்க்கிடெக்சர் நிறுவனம் ஒரு ஃபேக்டரிக்குப் பண்ணினது. ஜெனரேட்டர் கக்குற அனல் காத்துக்குக் குறுக்க தேன்கூடு மாதிரி மண்குழாய்களை அடுக்கி மேல தண்ணிய ஓட விட்டாங்க. 50 டிகிரிக்கு மேல வந்த காத்து 36 கிட்ட இறங்குச்சுன்னு அவங்களே சொல்றாங்க.

ஆனா காத்து ஏற்கனவே ஈரமா இருந்தா, கடலோரம் மாதிரி, தண்ணி எங்க போய் ஆவியாகும்? அங்க நிழலும் காத்தோட்டமும்தான் கை கொடுக்கும், மண்ணை நனைச்சா பாசிதான் மிச்சம்.

அப்புறம் உப்புத்தண்ணி. நான் பால்கனியில சின்னதா ஒரு சுடுமண் ஜாலி (ஓட்டை ஓட்டையா இருக்க தடுப்பு) வச்சு தினம் நனைச்சேன், முதல்ல ஜம்முனு இருந்துச்சு, இப்ப கீழ் வரிசை முழுக்க உப்பு வெள்ளையா பூத்துக் கிடக்கு, சொட்டு விட்டா முன்ன மாதிரி உறிஞ்ச மாட்டேங்குது, பிரஷ் போட்டுத் தேய்ச்சா போகுது, அடுத்த வாரமே திரும்ப வந்துடுது.