அரை அங்குலத் தாடி

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலச் சிறையில் ஒரு முஸ்லிம் கைதி கேட்டது அரை அங்குலத் தாடி. அவ்வளவுதான். அதற்குள் பிளேடு, ஊசி, சிம் கார்டு எல்லாம் ஒளித்து வைக்கலாமாம், முடியாது என்றது சிறைத்துறை. தோல் நோய் இருந்தால் மட்டும் கால் அங்குலம் வைத்துக்கொள்ளலாம்!

கைப்பட மனு எழுதியே உச்ச நீதிமன்றம் போய்விட்டார் மனிதர். ஒரு சீப்பைக் கொடுத்துச் சீவச் சொன்னால் உள்ளே இருப்பது விழுந்துவிடாதா என்று கேட்டார் நீதிபதி அலிட்டோ. குட்டித் துப்பாக்கி இருந்தாலும் விழுமே என்று கிண்டல் வேறு.

2015 ஜனவரியில் ஒன்பது நீதிபதிகளும் கைதி பக்கம். தலைமுடியை மொட்டையடிக்கச் சொல்லாத சிறைக்கு இந்தக் குட்டைத் தாடியில் மட்டும் என்ன பயம் என்ற வாதம்தான் தீர்ப்பில் எனக்குப் பிடித்த இடம். இத்தனைக்கும் பெரும்பாலான மாநிலச் சிறைகள் அப்போதே தாடியை அனுமதித்துக்கொண்டுதான் இருந்தன.