ஆர்கேட் பெட்டியில் ஸ்பின்னரும் ட்ராக்பாலும்: கீழக்கரை உப்புக்காற்றில் ஒரு மூன்று மாத வேலை

மட்டையால் பந்தை அடித்துச் செங்கல்லை உடைக்கும் ஆர்கனாய்டு விளையாட்டை ஜாய்ஸ்டிக்கில் ஆடிப் பார்த்தவர்களுக்கு அந்த எரிச்சல் தெரியும். 1986இல் டைட்டோ கம்பெனி அதைத் திருகு குமிழுக்காகவே, அதாவது ஸ்பின்னருக்காகவே, செய்தது. சென்டிபீட், மிஸைல் கமாண்ட் விளையாட்டுகள் இரண்டுக்கும் ட்ராக்பால், அதாவது குழியில் வைத்துக் கையால் உருட்டும் பந்து, வேண்டும். அதனால் காசு போட்டு ஆடும் பழைய வீடியோ கேம் பெட்டி போல ஒரு ஆர்கேட் பெட்டி செய்யும்போதே இரண்டுக்கும் ஓட்டை போட்டுவிட்டேன். உள்ளே ஒரு பழைய டெஸ்க்டாப், விண்டோஸ், பழைய ஆர்கேட் விளையாட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் மேம் எமுலேட்டர்.

ஸ்பின்னருக்கு நான் எடுத்தது ஒரு சுற்றுக்கு 600 துடிப்பு தரும் ரோட்டரி என்கோடர். உள்ளே கோடு போட்ட தட்டு சுழலும், இரண்டு ஒளி சென்சார் அதைப் பார்க்கும், ஒன்றுக்கு ஒன்று கால் பங்கு முன்பின்னாக சிக்னல் வரும். எது முந்துகிறது என்பதை வைத்துத்தான் திருகுவது வலமா இடமா என்று போர்டு கண்டுபிடிக்கிறது. அதை ப்ரோ மைக்ரோ என்ற சின்னக் கன்ட்ரோலர் போர்டில் கொடுத்தால் கம்ப்யூட்டர் அதை மவுஸ் என்றே நம்பும்.

முதல் வாரம் முழுக்க வீண். மெதுவாகத் திருகினால் சரியாகப் போகும், வேகமாகத் திருகினால் மட்டை பின்னால் ஓடும். என்கோடரே கோளாறு என்று நினைத்துக் கழற்றிக்கூட வைத்துவிட்டேன். குற்றம் என் புரோகிராமில் இருந்தது. சிக்னல் வரும் பின்னை (போர்டின் காலை) சுழற்சி முறையில் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதற்குள் பல துடிப்புகள் கடந்துபோயின. துடிப்பு வந்ததுமே போர்டைக் கூப்பிடும் இன்டரப்ட் பின்னுக்கு மாற்றியதும் அது நின்றது. அப்புறமும் லேசான நடுக்கம் இருந்தது. இந்த வகை என்கோடர் ஓப்பன் கலெக்டர், அது லைனைக் கீழே மட்டும்தான் இழுக்கும், மேலே இழுக்க ரெசிஸ்டர் நாம்தான் போட வேண்டும். போர்டுக்குள் இருப்பது நீளமான ஒயருக்குப் போதவில்லை. இரண்டு லைனிலும் 4.7 கிலோ ஓம் போட்டு 5 வோல்ட்டோடு சேர்த்தேன், நடுக்கம் போய்விட்டது.

ட்ராக்பால் துபாயில் இருக்கும் காக்கா (எங்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) அனுப்பியது, 2¼ அங்குலம், பூல் பந்தின் அளவேதான். அதில் ஆறு ஒயர்: 5 வோல்ட், கிரவுண்ட், இரண்டு அச்சுக்கும் இரண்டிரண்டு சிக்னல். ஒரு அச்சு தலைகீழாகப் போனால் பயப்பட வேண்டாம், அந்த அச்சின் இரண்டு சிக்னல் ஒயரையும் மாற்றிப் போட்டால் போதும்.

இரண்டையும் சேர்த்து மாட்டியதும் புதுப் பிரச்சினை. ஆர்கனாய்டில் பட்டனை ஓங்கி அழுத்தினாலே மட்டை நகர்ந்தது. வீடியோ காலில் காட்டினேன். காக்கா பார்த்துவிட்டு, "தம்பி, ரெண்டையும் ஒரே மவுஸா எடுத்துக்குது, பந்து ஆடுறதுதான் மட்டையை ஆட்டுது" என்றார். சரியாகச் சொன்னார். அதனால் இரண்டுக்கும் தனித்தனி போர்டு வைத்தேன். மேமின் செட்டிங் கோப்பில் மவுஸ், மல்டிமவுஸ் இரண்டையும் 1 ஆக்கிவிட்டு, டேப் அழுத்தி டயலுக்கு (மேமில் ஸ்பின்னருக்கு அந்தப் பெயர்) எந்த மவுஸ், ட்ராக்பாலுக்கு எந்த மவுஸ் என்று பிரித்துக் கொடுத்தேன். ஒவ்வொரு துடிப்பிலும் இரண்டு சிக்னலின் ஏற்ற இறக்கம் நான்கையும் எண்ணுவதால் 600 துடிப்பு ஒரு சுற்றுக்கு 2400 ஆகிவிடுகிறது, தொட்டாலே மட்டை சுவரில் போய் மோதும். அதே மெனுவில் அனலாக் கன்ட்ரோலில் சென்சிடிவிட்டியை நன்றாகக் குறைத்துவிட்டேன்.

இவ்வளவும் எந்த ஊரிலும் நடக்கும். எங்கள் ஊருக்கே உரியது கச்சான் என்ற கடற்காற்று. ஜன்னல் வழியே வரும் உப்பு, இரண்டு மாதத்தில், ஒயர் நுனியில் நசுக்கிப் பொருத்தும் கிரிம்ப் கனெக்டரில் களிம்பு ஏற்றிவிட்டது, ட்ராக்பாலின் ஒரு அச்சு விட்டுவிட்டுத்தான் வேலை செய்தது. எல்லா இணைப்பையும் வெட்டி சால்டர் செய்து சூடு பட்டால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டேன். ரோலர் பேரிங்கில் துரு தெரிந்தது, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டதும் மறுபடி வழவழவென்று ஓடியது. பேரிங்கில் மட்டும் விடுங்கள், ரோலரிலோ பந்திலோ பட்டால் வழுக்கும், பந்து உருண்டாலும் திரையில் ஒன்றும் அசையாது. இப்போது மாதம் ஒருமுறை பந்தை எடுத்து, குழியைக் காய்ந்த துணியால் துடைத்து வைக்கிறேன்.