ரீஸ்டோர் ஆனது, சிட்டை வரவில்லை

அக்கரைப்பற்றுப் பக்கம் ஒரு நெல் ஆலையின் கணக்கு மென்பொருளை நான்கு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். லொறி தராசில் ஏறியதும் நிறை, ஈரப்பதம், விவசாயியின் பெயர் மூன்றையும் பதிந்தால் ஒரு சிட்டை அச்சாகி வரும். அந்தச் சிட்டையைக் காட்டித்தான் காசு வாங்க வேண்டும். சிட்டை நின்றால் ஆலை நின்ற மாதிரி.

போன மாசியில், பெரும்போக வெட்டு நடந்துகொண்டிருந்த நேரம், ஒரு நாள் இரவு கரண்ட் இரண்டு மூன்று தரம் போய் வந்திருக்கிறது. காலை ஆறரைக்கு ஆலைக் கணக்குப்பிள்ளை காக்காவின் (அண்ணனை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) போன்: "தம்பி, கொம்பியூட்டர் எழும்புதில்ல. வாசல்ல பதினொரு லொறி நிக்குது. கெதியா ஏதும் செய்யுங்க."

நான் பதறவில்லை. பேக்கப் ஒவ்வொரு இரவும் கல்லடியில் என் வீட்டுக்கு வந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை ரீஸ்டோர் செய்தும், அதாவது அதிலிருந்து தரவுத்தளத்தை மீண்டும் கட்டியும், பார்ப்பேன். ஆலையின் தரவை வைத்திருக்கும் போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தள மென்பொருள் லெப்டொப்பிலும் ஏற்கெனவே இருந்தது. வெறும் தரவுத்தளம் ஒன்றை உருவாக்கி, அதன் ரீஸ்டோர் கட்டளையான பிஜி ரீஸ்டோரை ஓட விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது திரை முழுக்க ஒரே வரி திரும்பத் திரும்ப: இன்ன ரோல் இல்லை, இன்ன ரோல் இல்லை. ரோல் என்பது போஸ்ட்கிரஸில் ஆளுக்கோ மென்பொருளுக்கோ உள்ள பயனர் கணக்கு. கடைசி வரியில், ரீஸ்டோரின்போது 214 பிழைகள் பொருட்படுத்தாமல் விடப்பட்டன என்று எழுதியிருந்தது.

டேபிள்களைத் திறந்து பார்த்தேன். முந்தின நாள் கடைசி லொறி வரை எல்லாம் இருந்தது. தரவு வந்துவிட்டது, போதும் என்று லெப்டொப்பைப் பையில் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டேன். கல்முனை, காரைதீவு, நிந்தவூர் தாண்டும் வரைக்கும் அந்த 214 என் தலைக்குள் இருந்தது. அதை அங்கேயே நின்று வாசித்திருக்க வேண்டும்.

ஆலையில் மென்பொருளுக்கான ரோலைக் கையாலேயே உருவாக்கி, பாஸ்வேர்ட் கொடுத்து, திறந்தேன். உள்ளே போனது. முதல் லொறியைப் பதியப் போனால், டேபிளுக்கு அனுமதி மறுக்கப்பட்டது என்று வந்தது. சரி, டேபிள்கள் இருக்கும் பப்ளிக் ஸ்கீமா என்ற பகுதியில் உள்ள எல்லா டேபிளுக்கும் கிராண்ட், அதாவது அனுமதி, கொடுத்தேன். பழைய சிட்டைகள் தெரிந்தன. புதிய சிட்டை போட்டால் இப்போது சீக்குவென்ஸுக்கு அனுமதி இல்லையாம். சிட்டை இலக்கத்தைக் கொடுப்பது சீக்குவென்ஸ். அது டேபிளுக்குப் பக்கத்தில் இருக்கும் வேறு ஒரு பொருள், டேபிளுக்குக் கொடுத்த அனுமதி அதற்குப் போகாது. எல்லா சீக்குவென்ஸுக்கும் தனியாகக் கொடுத்த பிறகுதான் அச்சு இயந்திரம் சத்தம் போட்டது. வெயிலில் நின்றிருந்த லொறிக்காரர் ஒருவர் சிட்டையை வாங்கி, இலக்கத்தைப் பார்த்து, மடித்துச் சேட் பொக்கெற்றில் வைத்தார். மணி பத்தே முக்கால்.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

அடுத்த நாள் முதலாளி லொறி இலக்கத்தையும் சிட்டையில் சேர்க்கச் சொன்னார். டேபிளில் ஒரு நிரல் (கொலம்) கூட்ட வேண்டும், அவ்வளவுதான். மென்பொருளின் அப்டேட் ஓடியது, நின்றது: நீ இந்த டேபிளின் உரிமையாளராக இருக்க வேண்டும். எல்லா கிராண்டும் கொடுத்தாயிற்றே, பிறகென்ன?

இதை நான் இப்போது எங்கள் ஊர் வழக்கத்தை வைத்துத்தான் மற்றவர்களுக்கு விளங்கப்படுத்துகிறேன். மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணத்தோடு உறுதி, அதாவது வீட்டுப் பத்திரம், அவள் பெயரில் எழுதப்படும். தாய் தகப்பன் அதே வீட்டில் இருக்கலாம், சமைக்கலாம், முற்றத்தில் மாமரம் நடலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் வீட்டை விற்கவோ ஈடு வைக்கவோ போனால், உறுதியில் யார் பெயர் என்றுதான் கேட்பார்கள். கிராண்ட் என்பது வீட்டில் இருக்க விடுவது. ஓனர் என்பது உறுதியில் இருக்கும் பெயர். டேபிளின் அமைப்பை மாற்றுவதும் அழிப்பதும் உறுதிக்காரரின் வேலை, டேபிள் மீது எத்தனை கிராண்ட் கொடுத்தாலும் அந்த அதிகாரம் வந்து சேராது.

என் லெப்டொப்பில் உறுதி யார் பெயரில் இருந்தது? பழைய மெசினில் டேபிள்கள் இரண்டு ரோல்களின் பெயரில் இருந்தன: ஒன்று மென்பொருளுடையது, மற்றது எனக்கு முன்பு இந்த வேலையைச் செய்தவருடையது. பேக்கப் எடுக்கும் பிஜி டம்ப் கட்டளை ஒரு தரவுத்தளத்தை மட்டும் எடுக்கும். ரோல்கள் தரவுத்தளத்துக்கு உள்ளே இல்லை, முழுச் சேர்வருக்கும் பொதுவாக வெளியே இருப்பவை. ஆகவே பேக்கப் கோப்பு உரிமையாளர்களின் பெயர்களைச் சொல்லும், ஆட்களைக் கொண்டுவராது. உரிமையை மாற்றும் ஒவ்வொரு கட்டளையும் தோற்றது. ரீஸ்டோர் செய்த போஸ்ட்கிரஸ் என்ற சூப்பர்யூசரின், அதாவது எல்லா அதிகாரமும் உள்ள ரோலின், பெயரிலேயே எல்லாம் நின்றுவிட்டன. அந்த 214 பிழையும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்த பரிசோதனை ஏன் இதைக் காட்டவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் உறைத்தது. நான் அதை ஆலையின் அதே சேர்வரில், வேறு பெயருள்ள தரவுத்தளத்தில் செய்து வந்தேன். அங்கே எல்லா ரோல்களும் இருந்தன. அதே மெசினில் ரீஸ்டோர் செய்து பார்த்தால் இந்தக் கோளாறு ஒரு நாளும் தெரியாது.

திருத்தப் போனேன். தரவுத்தளத்தின் உரிமையாளரை மாற்றினேன். மாறியது, ஆனால் பிழை அப்படியே இருந்தது. தரவுத்தளத்தின் ஓனரை மாற்றினால் உள்ளே இருக்கும் டேபிள்களின் ஓனர் மாறாது. ரீஅசைன் ஓன்ட் என்றொரு கட்டளை உண்டு, ஒரு ரோலிடம் உள்ள எல்லாவற்றையும் இன்னொரு ரோலுக்கு ஒரேயடியாக எழுதிக்கொடுக்கும். மிக நல்ல கட்டளை. ஆனால் போஸ்ட்கிரஸ் ரோலிடம் இருந்து எடுக்க முடியாது, சிஸ்டத்துக்கு வேண்டிய பொருள்களும் அதே பெயரில் இருப்பதால் மறுத்துவிடும். போஸ்ட்கிரஸ் ரோலாக ரீஸ்டோர் செய்தவர்களுக்கு அந்த வழி இல்லை. டேபிள் டேபிளாக மாற்ற வேண்டும்.

மென்பொருளின் ரோலையே சூப்பர்யூசர் ஆக்கினால் ஒரு நொடியில் எல்லாப் பிழையும் போய்விடும். இணையத்தில் பலர் அதைத்தான் சொல்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த பாஸ்வேர்ட் ஆலை மேசையில் இருக்கும் கொம்பியூட்டரில் சாதாரண எழுத்தாகக் கிடக்கிறது. பிறகு சேர்வரில் உள்ள எல்லாமே அந்தக் கோப்பைப் பார்த்தவர் கையில்.

அன்று இரவு தரவை மீண்டும் டம்ப் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, முதலில் இருந்து ஒழுங்காகச் செய்தேன். உள்நுழைய முடியாத ஒரு ரோலை உருவாக்கினேன், உறுதிக்கு மட்டும் ஒரு பெயர். தரவுத்தளத்தை அதன் பெயரிலேயே உருவாக்கினேன். இது முக்கியம்: போஸ்ட்கிரஸ் 15இல் இருந்து புதிய தரவுத்தளத்தின் பப்ளிக் ஸ்கீமாவில் கண்டவரும் டேபிள் உருவாக்க முடியாது, தரவுத்தளத்தின் ஓனருக்கு அந்த உரிமை தானாக உண்டு. அப்புறம் பிஜி ரீஸ்டோரை, பழைய உரிமையாளர்களையும் அனுமதிகளையும் விட்டுவிடச் சொல்லும் நோ-ஓனர், நோ-பிரிவிலேஜஸ் இரண்டும் போட்டு, ரோல் என்ற இடத்தில் அந்த உறுதிப் பெயரைக் கொடுத்து ஓட்டினேன். முதல் பிழையிலேயே நிற்கும்படி எக்சிட்-ஆன்-எரர் என்பதையும் சேர்த்தேன். ஒரு பிழையும் இல்லை. மென்பொருளின் ரோலுக்குத் தேவையான கிராண்ட்களை ஒரு தனிக் கோப்பில் எழுதி ஓட்டினேன். இனி உருவாகும் டேபிள்களுக்கும் அனுமதி தானாகக் கிடைக்க டிஃபால்ட் பிரிவிலேஜஸ் வேண்டும், அது எந்த ரோல் உருவாக்கும் டேபிளுக்கு என்பதையும் சொல்ல வேண்டும். அப்டேட் ஓடும்போது மட்டும் உறுதிப் பெயருக்கு மாறி ஓடும்படி செய்துவிட்டேன்.

நோ-பிரிவிலேஜஸ் பற்றி ஒன்று. அது கிராண்டை மட்டும் அல்ல, அனுமதியைப் பறிக்கும் ரிவோக்கையும் விட்டுவிடும். எங்கள் ஆலையில் நெல் விலையை மாற்ற ஒரு ஃபங்ஷன், அதாவது தரவுத்தளத்துக்குள் எழுதிவைத்த ஒரு செய்முறை, இருக்கிறது. செக்யூரிட்டி டிஃபைனர் வகை, அதாவது அழைப்பவரின் அதிகாரத்தில் அல்ல, ஃபங்ஷனின் ஓனருடைய அதிகாரத்தில் ஓடும். ஃபங்ஷனை எவரும் அழைக்கலாம் என்பது போஸ்ட்கிரஸின் வழக்கம், அதனால் மற்றவர்களிடம் இருந்து அதைப் பிடுங்கி வைத்திருந்தோம். முதல் ரீஸ்டோரில் அது சூப்பர்யூசரின் அதிகாரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவதில் ஓனர் சரியானாலும் ரிவோக் விடுபட்டு, யார் வேண்டுமானாலும் விலையை மாற்றலாம் என்று ஆகியிருக்கும். இதற்கு எந்தப் பிழைச் செய்தியும் வராது, எல்லாம் நன்றாக வேலை செய்யும். ரிவோக்கையும் என் கிராண்ட் கோப்பில் சேர்த்த பிறகுதான் நித்திரை வந்தது.

மற்ற தரவுத்தளங்களிலும் இதே தொல்லை வேறு முகத்தோடு வரும். மைஎஸ்கியூஎல்லில் வியூ, டிரிக்கர் போன்ற பொருள்களில் டிஃபைனராகப் பெயர் எழுதப்பட்ட பயனர் புதிய சேர்வரில் இல்லாவிட்டால் 1449 என்ற பிழை. எஸ்கியூஎல் சேர்வரில் யூசர் வந்துவிடும், ஆனால் புதிய சேர்வரின் லொகினோடு எஸ்ஐடி என்ற அடையாள எண் பொருந்தாமல் அநாதையாக நிற்கும்.

இப்போது ஒவ்வொரு இரவும் டம்போடு சேர்த்து, பிஜி டம்ப் ஆலில் குளோபல்ஸ்-ஒன்லி போட்டு ரோல்களையும் எடுக்கிறேன். பாஸ்வேர்டுகளின் ஹேஷ், அதாவது உருமாற்றிய வடிவம், அதில் இருப்பதால் பூட்டித்தான் வைக்கிறேன். பரிசோதனை மாதம் ஒருமுறை, ஆலையின் ரோல் ஒன்றுகூட இல்லாத மெசினில். ரீஸ்டோர் முடிந்ததும் டேபிள்களின் பட்டியலான பிஜி டேபிள்ஸ் வியூவில் பப்ளிக் ஸ்கீமாவின் டேபிள்களுக்கு மட்டும் டேபிள்ஓனர் நிரலைப் பார்ப்பேன், ஒரே பெயர் மட்டும் வர வேண்டும். பிறகு மென்பொருளின் ரோலில் உள்ளே போய் ஒரு சிட்டை போடுவேன், ஒரு நிரல் கூட்டுவேன், விலையை மாற்றப் பார்ப்பேன். முதல் இரண்டும் நடக்க வேண்டும், மூன்றாவது மறுக்கப்பட வேண்டும்.

புதிய சேர்வர் ஆலைக்கு வந்து ஒரு கிழமையில் காக்கா போன் எடுத்தார். லொறி இலக்கம் சிட்டையில் சின்ன எழுத்தாக இருக்கிறதாம், வயதான ஆட்கள் வாசிக்கக் கஷ்டப்படுகிறார்களாம். எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன்.